இடப்பக்கம் நீளும் கை

டாக்டர் நறுமுகை நின்றுகொண்டே தூங்கிக்கொண்டிருந்தாள்.

சுவரோரமாகச் சாய்ந்து கண்ணயர்ந்தாள் என்று நினைத்துவிட வேண்டாம். ஆபரேஷன் தியேட்டரில், பெரிய விளக்குக்குக் கீழே, முகக்கவசத்தோடு, மேசையில் படுத்திருந்த ஒரு பெண்ணுக்கு முன்னால் விறைப்பாக நின்றபடி தூங்கினாள். முப்பத்தாறு மணி நேர டியூட்டியில் அது முப்பத்து நாலாவது மணி. கை மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது. மரத்துப்போக ஊசி போட்டது, உறிஞ்சு குழாயை உள்ளே விட்டது, ஒரு சுற்றுச் சுற்றியது, மிச்சம் ஏதும் இல்லை என்று தடவிப் பார்த்துத் திருப்திப்பட்டது. கடைசியில் இடப்பக்கத் தட்டுக்கு நீண்டு எதையோ எடுத்து, அதையும் உள்ளே வைத்து, நூலைக் கத்தரித்து, பஞ்சால் துடைத்துவிட்டு, வேலை முடிந்த கொத்தனாரைப்போல இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டு ஓய்ந்தது. மொத்தம் ஆறே நிமிஷம்.

“முடிஞ்சுது டாக்டரம்மா. கண்ணத் தொறங்க,” என்றார் பாக்கியம் சிஸ்டர்.

“நான் எங்க சிஸ்டர் தூங்குனேன்?”

“அப்பக் கொறட்ட விட்டது நானா இருக்கும்.”

ஏழாங்கரை அரசு மருத்துவக் கல்லூரியில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. மகப்பேறு மேல்படிப்புப் படிக்கிற அத்தனை பேரும் அங்கே அப்படித்தான் தூங்கினார்கள். காரணம் அந்தக் கையுறை.

ஒரு காலத்தில் அந்தக் கல்லூரியில் டாக்டர் சௌந்தரநாயகி என்று ஒருவர் இருந்தார். ஒரே முகாமில் இருநூறு பேருக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்து முடித்து, நேரம் மிச்சம் இருக்கிறதே என்று, முகாமைப் பார்வையிட வந்த அதிகாரியின் கிழிந்த சட்டைப் பையையும் தைத்துக் கொடுத்தாராம். அவர் தியேட்டரில் ரத்தம் சிந்தாததால் கொசுக்கள் பட்டினி கிடந்து செத்தன என்று சொல்வார்கள். அவருக்குப் பிறகு கருக்கலைப்பும் கருத்தடையும் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் போயிற்று. சிலருக்கு நேரம் இல்லை. சிலருக்கு மனம் இல்லை. மீதிப் பேர், “அதெல்லாம் பாத்துப் பாத்துத் தானா வந்துடும்,” என்று நழுவிவிட்டார்கள். நாயகியம்மா ஓய்வு பெறுமுன் அவர் கையின் அசைவு, அழுத்தம், பக்குவம் எல்லாவற்றையும் ஒரு கையுறைக்குள் பதிந்து வைத்துக்கொண்டார்கள். அவர் போய்ச் சேர்ந்து வருஷக்கணக்காகிறது. கை மட்டும் போகவில்லை.

படிக்க வரும் டாக்டர் ஒவ்வொருவருக்கும் அந்தக் கையின் நகல் ஒன்று. மாட்டிக்கொண்டால் அது நம் கையை நடத்திக்கொண்டு போகும். மாட்டாவிட்டால் உறிஞ்சு மெஷின் மூச்சே விடாது. இருபத்தைந்து கேஸ் முடித்தால்தான் இறுதிப் பரீட்சைக்கு உட்கார முடியும். கேஸ் கணக்கு ஏறுகிற லாக் புத்தகம் தியேட்டர் சுவரில் ஒரு திரை; அதைக் கையுறையே எழுதிக்கொள்ளும்.

அன்றைக்கு நறுமுகை முடித்தது இருபத்து நாலாவது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் லாக் புத்தகம் பூட்டிக்கொண்டுவிடும். அப்புறம் திறக்க ஆறு மாதம். இன்னும் ஒரே ஒரு கேஸ், அப்புறம் பரீட்சை, அப்புறம் தூக்கம் என்று அவள் சுவாமி நாமம் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்று வருஷத் தூக்கம் பாக்கி கிடந்தது.

மறுநாள் வியாழக்கிழமை காலை, புறநோயாளிப் பிரிவில் தவமணி என்று ஒரு பெண் ஸ்கேன் அறைக்கு வந்தாள். பி.எட். படித்தவள், இருபத்தெட்டு வயது. ஒன்றரை வருஷமாகக் குழந்தைக்கு முயற்சி செய்கிறாள்.

“நாலு கோயில்ல தொட்டில் கட்டியாச்சு டாக்டர். எங்க அத்த என்னைக் கட்டிட்டு வந்த நேரத்தத் திட்டாத நாளே இல்ல.”

“முன்னாடி எப்பவாச்சும் தங்குச்சாம்மா?”

“கல்யாணமான புதுசுல. பரீட்ச நேரம், இங்கதான் வந்து எடுத்துக்கிட்டேன்.”

நறுமுகை திரையைப் பார்த்தாள். கருப்பைக்கு நடுவில் பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடு.

“இது என்ன டாக்டர், முள்ளு மாதிரி?”

கருத்தடைக்காக வைக்கிற காப்பர்-டி. நறுமுகை பழைய பதிவைத் திறந்தாள். இரண்டே வரி இருந்தது. *கை: டாக்டர் சௌந்தரநாயகி. அணிந்தவர்: டாக்டர் நறுமுகை.* வரிசை எண் மூன்று.

“இத வச்சது நான்தாம்மா,” என்றாள்.

தவமணி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. “என்கிட்டக் கேட்டீங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

“ஞாபகம் இல்லம்மா.”

எடுப்பதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. தவமணி எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு, “அத ஒரு பேப்பர்ல மடிச்சுக் குடுங்க,” என்றாள். “எங்க அத்தைகிட்டக் காட்டணும்.”

நறுமுகை மடித்துக் கொடுத்தாள். ஒன்றரை வருஷ வசவு ஒரு கறிவேப்பிலைக் காம்பு அளவுதான் இருந்தது.

நேராகத் தியேட்டருக்குப் போய்ப் பாக்கியம் சிஸ்டரைப் பிடித்தாள். சிஸ்டர் ஓய்வுபெற இன்னும் எட்டு மாதம். ஓய்வு பெற்றபின் என்னென்ன செய்யக் கூடாது என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தவர்.

“சிஸ்டர், என் இருபத்து நாலு கேஸ்லயும் காப்பர்-டி வச்சிருக்கா?”

“ஆமா. எல்லாருக்குந்தான்.”

“அவங்க கேட்டாங்களா?”

“படிவத்துல கையெழுத்து இருக்குல்ல.”

படிவம் ஒரே தாள். மேலே கலைப்புக்குச் சம்மதம். கீழே எறும்பு ஊர்கிற மாதிரிப் பொடி எழுத்தில் காப்பர்-டிக்குச் சம்மதம். கையெழுத்துப் போட இடம் ஒன்றுதான்.

“நீங்க ஏன் சிஸ்டர் தட்டுல எடுத்து வைக்கிறீங்க?”

“வைக்காம விட்டுப் பாத்திருக்கீங்களா நீங்க? நான் பாத்திருக்கேன்.” சிஸ்டர் உட்கார்ந்துகொண்டார். “நாயகியம்மா காலத்துல மாவட்டத்துக்கு இத்தனைன்னு இலக்கு. கலைக்க வர்றவளக் காப்பர்-டி இல்லாம அனுப்புனா மேலருந்து மெமோ. அதனால அந்தம்மா கை, முடிச்ச வேகத்துல இடது பக்கம் போயிடும். கேக்குறதுக்கு எங்க நேரம்? வரிசை ரோடு வரைக்கும் நிக்கும். அந்தப் பழக்கமும் சேந்து கையுறைக்குள்ள ஏறிடுச்சு. ஒரு நாள் நான் பாக்கெட்டு வைக்க மறந்துட்டேன். நாப்பது நிமிஷம் தொளாவுச்சு டாக்டரம்மா! கத்திரியத் தள்ளிவிட்டுச்சு, ஹவுஸ் சர்ஜன் பேனாவப் புடுங்குச்சு, கடைசில என் மூக்குக் கண்ணாடியக் கழட்டிடுச்சு. அதையும் உள்ள வச்சிருக்கும். நல்லவேளை, கரண்டு போயிடுச்சு.”

நறுமுகை சிரித்திருக்க வேண்டிய இடம். சிரிக்கவும் தெம்பு வேண்டுமே.

துறைத் தலைவி டாக்டர் அலமேலுமங்கையைச் சீஃப் என்பார்கள். நறுமுகை போனபோது அவர் காபி குடித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“நாயகியம்மா கையில தொத்து வந்ததா ஒரு கேஸ் காட்டு பாப்போம். கருப்பைல ஓட்ட விழுந்ததா ஒண்ணு காட்டு. கிடையாது. அந்தக் கை தப்புப் பண்ணாதும்மா.”

“தப்பாப் பண்ணல மேடம். கேக்காமப் பண்ணுது.”

“நீ கேட்டுக்கயேன்.”

“வேணாம்னு சொன்னா? அது நிக்காது மேடம்.”

சீஃப் காபியைக் குடித்து முடித்து டம்ளரை வைத்தார். வைத்த கை, தானாக இடப்பக்கம் நீண்டு, மேசைமேல் எதையோ தேடியது. பேப்பர் வெயிட்டைத் தொட்டது, ஃபைலைத் தொட்டது, ஒன்றும் அகப்படாமல் திரும்பி வந்தது. சீஃப் அதைக் கவனிக்கவே இல்லை. அவரும் அந்தக் கையில் படித்தவர்தான். அந்த மாவட்டத்து மகப்பேறு டாக்டர்கள் எல்லோருமே அப்படித்தான். கல்யாணப் பந்தியில் பாயசம் முடிந்ததும் இவர்கள் கை இடப்பக்கம் கிளம்பும்; பக்கத்து இலைக்காரர்கள் விவரம் தெரிந்தவர்களாக இருந்தால் அப்பளத்தை முன்கூட்டியே மடியில் ஒளித்துக்கொள்வார்கள்.

“நாளைக்கு ஒரே கேஸ்,” என்றார் சீஃப். “முடிச்சுட்டுப் போய்ப் பரீட்ச எழுது. பெரிய டாக்டராகி அப்புறம் எல்லாத்தையும் மாத்து.”

வெள்ளிக்கிழமை காலை வந்தவள் பேர் பானுரேகா. ரெடிமேட் கம்பெனியில் காலர் தைக்கிறவள். ஐந்து வயதில் ஒன்று, எட்டு மாதத்தில் ஒன்று. இரண்டாவது குழந்தை ஆபரேஷன் செய்து எடுத்தது.

“தையல் சரியா ஆறக்கூட இல்ல, அதுக்குள்ள அடுத்தது. இப்ப முடியாது டாக்டர். என்னால ஆகாது.”

“சரிம்மா. அதுக்கப்புறம் எதுவும் வச்சுக்கிறீங்களா? மாத்திரை, ஊசி, காப்பர்-டி…”

“காப்பர்-டி மட்டும் வேணாம்!” பானுரேகா பாதி எழுந்துவிட்டாள். “பெரியவ பொறந்தப்ப வச்சாங்க. எனக்கு ஒத்துக்கல. நாலு மாசம் ரத்தமாக் கொட்டுச்சு. மெஷின்லருந்து எந்திரிச்சா ஸ்டூல்ல கறை. சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் அந்த ஸ்டூலத் தூக்கிட்டுப் போய்க் கழுவச் சொன்னாரு. ஊசின்னா போட்டுக்கிறேன். அது வேணாம். எழுதிக்கோங்க.”

நறுமுகை எழுதிக்கொண்டாள். சம்மதப் படிவத்தின் கீழ்ப்பாதியைக் கோடு போட்டு அடித்தாள். பிறகு கையுறையை மாட்டினாள். அது வழக்கம்போல் விரல்களை இதமாகக் கவ்வி, இனி உனக்கென்ன, தூங்கு என்றது. இடப்பக்கத் தட்டு காலி.

“கண்ணாடியக் கழட்டி வச்சுட்டேன்,” என்றார் சிஸ்டர். “நீங்க ஆரம்பிங்க.”

நறுமுகை ஆரம்பிக்கவில்லை. இது துழாவப் போகிறது. மேசைமேல் ஒரு பெண் படுத்திருக்க, நாற்பது நிமிஷம் துழாவப் போகிறது. இல்லாவிட்டால் பாக்கெட்டை வைக்க வேண்டும்.

“சிஸ்டர், இத மாட்டிக்கிட்டு இது சொல்றபடி கேக்காம இருக்க வழி இருக்கா?”

சிஸ்டர் வாசலைப் பார்த்தார். பிறகு கையுறையின் மணிக்கட்டு மடிப்பைப் பிரித்துக் காட்டினார். உள்ளே பட்டாணி அளவில் ஒரு திருகு. ஒரு பக்கம் ‘நடத்து’ என்றும் மறுபக்கம் ‘எழுது’ என்றும் போட்டிருந்தது. அது ‘நடத்து’ பக்கத்தில் இருந்தது.

“நாயகியம்மா கையப் பதியறப்ப ‘எழுது’ பக்கம் திருப்பி வச்சாங்க. திருப்புனா அது நம்மள நடத்தாது, மெஷினும் ஓடும். ஆனா…” சிஸ்டர் நிறுத்தினார். “லாக்ல ஏறாது டாக்டரம்மா. ஆறு மாசம்.”

ஆறு மாதம் என்றால் எத்தனை முப்பத்தாறு மணி நேரங்கள் என்று பெருக்கிப் பார்க்கக்கூட நறுமுகைக்குத் தெம்பு இல்லை. திருகைத் திருப்பினாள்.

கையுறை சட்டென்று வெறும் ரப்பராகிவிட்டது. மூன்று வருஷத்தில் முதல் தடவையாகத் தன் கையைத் தானே தூக்க வேண்டியிருந்தது. அது கல் மாதிரிக் கனத்தது, நடுங்கியது. பள்ளிக்கூட நாளில் சைக்கிளிலிருந்து விழுந்து ஒடிந்த சுண்டுவிரல், தேநீர்க் கோப்பையைப் பிடிக்கிற ஜமீன்தார் விரல்போலத் தனியாக நிமிர்ந்து நின்றது. பயத்தில் அவள் வாய் ஓயவில்லை.

“பானுரேகா, இப்ப ஊசி போடப் போறேன். போடட்டுமா?”

“ம்.”

“வலிக்குதா? நிறுத்தணும்னா சொல்லுங்க, நிறுத்திடுறேன். இப்பக் குழாய். சரியா?”

“கொஞ்சம் இருங்க… ம், சரி டாக்டர்.”

ஒவ்வொரு தடவையும் அவள் கேட்டுவிட்டு நிறுத்தினாள். பானுரேகா பதில் சொன்னதும் விரல் நுனியில் ஒரு இளக்கம் தெரிந்தது. இறுகிக் கிடந்த தசை, யாரோ கதவுத் தாழ்ப்பாளை எடுத்துவிட்ட மாதிரி நெகிழ்ந்தது. அதன்பிறகே அடுத்த அடி. நாயகியம்மாவின் கை அந்த நெகிழ்ச்சிக்கு ஒருநாளும் காத்திருந்ததில்லை. பெண்ணுடம்பே இரும்பில் செய்தது என்று அது நினைத்திருக்க வேண்டும்.

ஆறு நிமிஷ வேலைக்கு முப்பத்தெட்டு நிமிஷம் ஆயிற்று. கடைசியில் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்தாள். கை இடப்பக்கம் போகவில்லை. அவள் கைக்கு இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

சாயங்காலம் லாக் புத்தகம் இருபத்து நாலோடு பூட்டிக்கொண்டது.

அந்த ஆறு மாதத்தை விவரித்தால் படிக்கிறவர்களுக்கும் கண் சொக்கும். கூடப் படித்தவர்கள் பரீட்சை எழுதிப் போய்விட்டார்கள். நறுமுகையின் கண்ணுக்குக் கீழே விழுந்த கருவளையத்தில் ஆட்டுக்குட்டியைக் கட்டலாம். நாற்பத்து மூன்று கேஸ் செய்தாள், எல்லாம் ‘எழுது’ பக்கத்தில். ஒன்றும் லாக்கில் ஏறவில்லை. கேட்டவர்களுக்குக் காப்பர்-டி வைத்தாள். வேண்டாம் என்றவர்களுக்கு வைக்கவில்லை. நடுவில் ஒருநாள் தவமணி வந்து வாந்தி என்றாள். அவ்வளவு சோர்விலும் நறுமுகை அன்று மட்டும் கொஞ்சம் சிரித்தாள். கேஸ்களுக்கு நேரமும் குறைந்துகொண்டே வந்து, பதினைந்து நிமிஷத்தில் நின்றது. அதற்குக் கீழே குறையவில்லை. பதில் வர அவ்வளவு நேரம் ஆகும்.

லாக் புத்தகம் மறுபடி திறந்தபோது அவளுக்குத் தேவைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். காப்பர்-டியைத் தானாகக் கேட்கிற ஒரு பெண். அப்படி ஒருத்தி வந்தால் திருகை ‘நடத்து’ பக்கம் திருப்பி, நாயகியம்மா கையிடம் ஒப்படைத்துவிட்டு மனச்சாட்சியோடு தூங்கலாம்.

வந்தாள். இசக்கிப்பிரியா. கூடவே அவள் நாத்தனார், கையில் பெரிய தண்ணீர் பாட்டிலோடு.

“கலைச்சுட்டு அதையும் வச்சு விட்டுடுங்க டாக்டர்,” என்றார் நாத்தனார்.

“நீங்க சொல்லுங்கம்மா,” என்றாள் நறுமுகை இசக்கிப்பிரியாவிடம்.

“ஆமா டாக்டர். வச்சிடுங்க.”

படிவத்தில் நறுமுகை பேனாவால் கோடு போட்டுப் பிரித்து வைத்திருந்த இரண்டு இடத்திலும் கையெழுத்து வாங்கியாயிற்று. கேட்டாயிற்று, பதிலும் வந்தாயிற்று. பாக்கியம் சிஸ்டர் இடப்பக்கத் தட்டில் பாக்கெட்டை வைத்தார். நாத்தனார் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். நறுமுகை திருகைத் திருப்பினாள். கையுறை விரலைக் கவ்வியது. அப்பாடா என்று கண்ணை மூடினாள்.

“டாக்டரம்மா.”

“ம்…”

“டாக்டரம்மா, கை நின்னுபோச்சு.”

கண்ணைத் திறந்தாள். ஊசியை ஏந்தியபடி கை அந்தரத்தில் நின்றது. நகரவில்லை. உதறிப் பார்த்தாள். தள்ளிப் பார்த்தாள். கோயில் யானை மாதிரி அசையாமல் நின்றது.

“கெட்டுப்போச்சா சிஸ்டர்? இன்னைக்கா!”

“கம்பெனிக்காரனக் கூப்பிட்டா வர்ற தை மாசம் வருவான்,” என்ற சிஸ்டர் குனிந்து பார்த்தார். “ஆமா, அந்தச் சுண்டுவிரல் ஏன் அப்படித் தூக்கிட்டு நிக்குது?”

நறுமுகை பார்த்தாள். அவள் தூக்கவில்லை. கையுறைதான் தூக்கிப் பிடித்திருந்தது. ஒடிந்து சேர்ந்த அந்தக் கோணல் அப்படியே இருந்தது. கட்டைவிரலில் அவளுடைய பழைய நடுக்கமும் லேசாக இருந்தது.

“ஆறு மாசமா ‘எழுது’ன்னு போட்ட பக்கத்துலயே வச்சிருந்தீங்களே,” என்றார் சிஸ்டர் மெதுவாக. “எழுதிக்கிச்சு போலருக்கு.”

நாயகியம்மா போய்விட்டார். உள்ளே இருந்தது நறுமுகை.

“எதுக்காக நிக்குது இது?”

“நீங்க எதுக்காக நிப்பீங்க?”

நறுமுகைக்கு எரிச்சலாக வந்தது. அதான் ஒருதரம் கேட்டாயிற்றே. தன் கை தன்னையே நம்பாதா? மனமில்லாமல் குனிந்தாள். “இசக்கிப்பிரியா, ஊசி போடட்டுமா?”

“ம், போடுங்க.”

கை அசைந்தது. குழாய்க்கு முன் நின்றது. கேட்டாள், அசைந்தது. கலைப்பு ஒழுங்காக முடிந்தது. பிறகு கை, தட்டுப் பக்கம் திரும்பாமல், இசக்கிப்பிரியாவின் முழங்கால்மேல் வந்து உட்கார்ந்துகொண்டது.

“இன்னும் என்ன? அவங்கதான் வச்சிடச் சொன்னாங்களே!” என்று கையைப் பார்த்துச் சண்டை போட்டாள் நறுமுகை. பிறகு பெருமூச்சு விட்டாள். “இசக்கிப்பிரியா, காப்பர்-டி வச்சிடட்டுமா?”

பதில் வரவில்லை. கை காத்திருந்தது. விரல் நுனியில் இளக்கம் இல்லை. தசை பலகை மாதிரி இருந்தது.

“டாக்டர்,” என்றாள் இசக்கிப்பிரியா, விளக்கைப் பார்த்தபடி. “வெளிய கேக்குமா?”

“கேக்காது.”

“எனக்கு வேணாம். எங்க நாத்தனார்தான் சொல்லச் சொன்னாங்க. அவங்க பக்கத்துல இருக்கும்போது நான் வேற என்ன சொல்றது?”

“அப்ப வேணாம்மா. மாத்திரை தர்றேன். வேணும்னா வாங்கிக்கோங்க.”

முழங்கால் நெகிழ்ந்தது. கை இரண்டு தட்டுத் தட்டிக்கொள்ளாமல், மெதுவாக எழுந்து தன் பாட்டுக்கு ஓய்ந்தது. சிஸ்டர் பிரிக்காத பாக்கெட்டை எடுத்துப்போய் அலமாரியில் வைத்துப் பூட்டினார். சுவரில் லாக் புத்தகத்தின் திரை விழித்துக்கொண்டு இரண்டு வரி எழுதியது. *கை: டாக்டர் நறுமுகை. அணிந்தவர்: டாக்டர் நறுமுகை.* வரிசை எண் இருபத்தைந்து.

நறுமுகை கையுறையைக் கழற்றி, அது தூங்கட்டும் என்று பெட்டியில் வைத்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். நாத்தனார் தண்ணீர் பாட்டிலோடு பெஞ்சிலிருந்து எழுந்தார்.

“என்ன டாக்டர், வச்சாச்சா?”

“கேட்டாச்சும்மா,” என்றாள் நறுமுகை. அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டாள்.